தோள் இறுக்கத்துக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தால் உறுதியாகத் தெரியுமா?

ஈரோட்டில் அம்மாவுக்குக் கை தூக்க முடியவில்லை, எலும்பு டாக்டர் ஃப்ரோசன் ஷோல்டர் (தோள் இறுக்கம்) என்கிறார், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, அல்ட்ராசவுண்ட் போதுமா இல்லை நேராக எம்ஆர்ஐ-க்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருப்பூரில் பிசியோ. பனியன் கம்பெனி டெய்லர் அக்காமார் "ஏனுங் சார், முந்தானையை இழுத்துச் சொருகக்கூட முடியறதில்லீங்க" என்றுதான் வருவார்கள், அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம்.

முதலில், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதே நல்ல தகவல். மூட்டுத் தேய்ந்திருந்தாலும் கை வெளிப்பக்கம் திரும்பாது, அதை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். 1934-ல் காட்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இந்த நோய்க்கு ஃப்ரோசன் ஷோல்டர் என்று பெயர் வைத்தபோது அவர் கையில் இருந்ததும் இவ்வளவுதான்: கை மேலேயும் போகாது, வெளியேயும் திரும்பாது, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்.

அம்மாவை உட்கார வைத்து, முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லி, முன்கையை நீங்களே மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள் (வலித்தால் விட்டுவிடுங்கள்). நல்ல கை போகிற அளவில் பாதியிலேயே கட்டிப்போட்ட மாதிரி நின்றால், மூட்டைச் சுற்றியுள்ள உறை முதல் சலவையில் சுருங்கின பனியன் போல ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அம்மாவால் தூக்க முடியவில்லை, நீங்கள் தூக்கிவிட்டால் மட்டும் போகிறது என்றால் அது வேறு கதை, தசைநார் கிழிசலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சரி, ஸ்கேன் எதற்கு? பெரும்பாலும் அந்த வேறு கதையைக் கழித்துப் பார்க்கத்தான். கிழிசல், கால்சியம் படிவு, நீர்ப்பை வீக்கம் இதெல்லாம் அல்ட்ராசவுண்டில் நன்றாகவே தெரியும். ஃப்ரோசன் ஷோல்டருக்கென்றும் சில அடையாளங்கள் உண்டு: மூட்டின் முன்பக்க இடைவெளியில் எலும்போடு எலும்பை இணைக்கிற நார் (லிகமெண்ட்) தடித்திருக்கும், ஆரம்பக் கட்டமென்றால் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற ஸ்கேன் முறை) போட்டால் அங்கே ரத்த ஓட்டம் கூடுதலாகத் தெரியும், அக்குள் பக்கத்து உறை கெட்டியாக இருக்கும். ஆனால் எத்தனை மில்லிமீட்டர் இருந்தால் நோய் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது, அக்குளில் புரோபை (ஸ்கேன் கருவியின் கைப்பிடி முனையை) வைக்கக் கையைத் தூக்க வேண்டும், அதுதானே முடியவில்லை!

எனக்குப் பிடித்தது அசைத்துப் பார்க்கிற ஸ்கேன்தான். ஜெல் தடவி, புரோபைத் தோள் நுனியில் வைத்துக்கொண்டு, டாக்டர் கையைப் பக்கவாட்டில் உயர்த்துவார். தசைநார் எலும்புக்கு அடியில் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும், இறுகின தோளில் அது கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும். எம்ஆர்ஐ-யில் ஆடாமல் படுத்திருப்பவரிடம் இதைப் பார்க்க வழியில்லை. ஆனால் வயிற்று ஸ்கேன் மட்டுமே பார்த்துப் பழகிய இடத்தில் இது நடக்காது, தோள் மூட்டு பார்ப்பவர் யார் என்று விசாரித்துப் போங்கள், இரண்டு தோளையும் பார்க்கச் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ரிப்போர்ட்டில் 'பார்ஷியல் டியர்' (தசைநாரில் பகுதிக் கிழிசல்) என்று ஒரு வரி வந்தால் உடனே ஆபரேஷனா என்று வெசனப்பட வேண்டாம். ஐம்பது அறுபது வயதில் வலியே இல்லாதவர்களுக்கும் அது இருக்கும். அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்த டாக்டர் அந்தப் படத்தையும் பார்த்துச் சொல்லட்டும். நேராக எம்ஆர்ஐ-க்குப் போக இப்போதைக்கு அவசியம் எனக்குத் தெரியவில்லை; அல்ட்ராசவுண்டில் குழப்பம் வந்தாலோ, ஆபரேஷன் பேச்சு வந்தாலோ பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? எழுதவில்லை நீங்கள். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், பார்த்திராவிட்டால் ஸ்கேனுக்கு முன்னாலேயே ரத்தம் கொடுத்துப் பாருங்கள். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதாக முடிவானால் சில நாளைக்குச் சர்க்கரை ஏறும், மாத்திரை அளவை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.