செவன்ஸ் கால்பந்தில் இரண்டு பேக்கும் ஒரே பந்துக்கு ஓடினால்

ஏழு பேர் ஆடும் செவன்ஸில், உங்கள் 12 வயதுப் பையன்களின் இரண்டு பேக்கும் (பின்னால் தடுப்பவர்கள்) ஒரே பந்துக்கு ஓடி கோல் வாங்குகிறீர்கள் என்றால், 2-3-1 அமைப்பை (கோலி போக, இரண்டு பேக், நடுவில் மூவர், முன்னால் ஒரு ஃபார்வர்டு) மாற்ற வேண்டாம். இரண்டு பேக்கும் ஒரே கோட்டில் நிற்பதை மட்டும் மாற்றுங்கள். ஒருவன் பந்துக்குப் போனால் மற்றவன் ஐந்தாறு எட்டு வைத்துப் பின்வாங்கி, உங்கள் கோல் பக்கமாக உள்ளே ஒதுங்கி நிற்க வேண்டும். தலைக்கு மேல் வரும் நீளப் பந்தில் நீங்கள் கோல் வாங்குவது இந்த இடம் காலியாகக் கிடப்பதால்தான் இருக்கும். 12 வயதில் எல்லாருக்கும் கண் பந்தில்தான்.

நாளைப் பயிற்சியில் திடீரென்று விசிலடித்து, அப்படியே அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். பின்னால் நிற்பவனிடம், "பந்து தெரியுதா? அவங்க ஃபார்வர்டு தெரியுதா?" என்று கேளுங்கள். நெஞ்சைப் பந்துக்கு நேராகக் காட்டி நிற்பவனுக்கு ஃபார்வர்டு தெரியமாட்டான். உடம்பைப் பாதி திருப்பி நிற்கப் பழக்குங்கள். முன்னால் போகிறவன் "நான் போறேன்" என்று கத்தியே ஆகவேண்டும். எங்கள் பையன்களுக்கு அந்தக் கத்தல் பழகவே இரண்டு வாரம் ஆனது, விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், ஆனி ஆடியில் தூத்தூர், குளச்சல் கரையோர மைதானங்களில் காற்று எதிரணிக்குச் சாதகமாக அடித்தால் ஐந்தாறு எட்டு போதாது, இன்னும் இறங்கச் சொல்லுங்கள். பல செவன்ஸ் போட்டிகளில் ஆஃப்சைடு கிடையாது; அப்போது அவங்க ஃபார்வர்டு உங்கள் பேக்குகளுக்குப் பின்னாலேயே பந்துக்காகக் காத்து நிற்கலாம். ஆட்டத்துக்கு முன்பே ரெஃப்ரியிடம் கேட்டுவிடுங்கள்.