எதனோடு எது சேரும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கம்பனி ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றின் சேவையைப் பெறும் இடைமுகம்) பட்டியல் ஒன்றை நடத்துகிறது. ஒரு சேவையைத் தெரிவுசெய்பவருக்கு, அதனோடு சேர்க்கக்கூடியவற்றையும் காட்ட வேண்டும். ஒரே செயலியில் பயன்பட்ட சேவைகளைக் கோடிட்டு இணைத்து எண்ணினோம். எதைக் கேட்டாலும் வரைபடச் சேவைதான் முதலில் வருகிறது. எங்கே பிழை?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: எண்ணியதில் பிழையில்லை, அந்த எண்ணிக்கையையே தரவரிசையாக்கியதுதான் பிழை. எந்தக் கறியிலும் உப்பு இருக்கும். 'உப்புப் போடுங்கள்' என்பதை யாரும் சமையல் குறிப்பாக எழுதுவதில்லை. வலையமைப்பில் இணைப்பு அதிகமுள்ள கணுவையே (புள்ளி; இங்கே ஒரு சேவை) புதிதாக வருபவர்களும் நாடுவார்கள் என்பதை 1999இல் இயற்பியலாளர்கள் பராபாசியும் ஆல்பர்ட்டும் மாதிரியாக்கிக் காட்டினார்கள். உங்கள் வரைபடச் சேவை அப்படியொரு கணு.

மொத்தம் 200 செயலிகள் என்று வையுங்கள். வரைபடம் 120இல், எஸ்எம்எஸ் 20இல், பொதி கண்காணிப்பு 10இல் இருக்கிறது. பொதி கண்காணிப்போடு வரைபடம் 7 தடவையும் எஸ்எம்எஸ் 5 தடவையும் வந்திருக்கின்றன. தற்செயலாகவே எத்தனை தடவை சேர்ந்திருக்கும் என்று பாருங்கள். வரைபடத்துக்கு 120 × 10 ÷ 200 = 6. எஸ்எம்எஸ்ஸுக்கு 20 × 10 ÷ 200 = 1. ஏழை ஆறால் வகுத்தால் 1.17, ஐந்தை ஒன்றால் வகுத்தால் 5. இப்போது எஸ்எம்எஸ் மேலே வந்துவிடும்.

இந்தக் கணக்குக்கும் ஒரு நோய் உண்டு. ஒரேயொரு செயலியில் மட்டும் வந்த இரண்டு அநாமதேயச் சேவைகளுக்கு 200 என்ற மதிப்புக் கிடைக்கும்! ஆகவே குறைந்தது 3 செயலிகளில் சேர்ந்து வந்த சோடிகளை மட்டும் எடுங்கள். இன்னொன்று: 12 சேவைகளை அள்ளிப்போட்ட ஒரு செயலி மட்டுமே 66 சோடிகளை உண்டாக்கும். சோடி ஒன்றுக்கு 1 என்று கொடுக்காமல், சேவைகளின் தொகையில் ஒன்றைக் கழித்து, வருவதால் 1ஐ வகுத்து, இங்கே 1/11ஐ, கொடுங்கள்.

கேள்வி: இரண்டு சேவைகளுக்குப் பொதுவான அயல் கணுக்களை (இரண்டோடும் நேரடியாக இணைந்த சேவைகளை) எண்ணி, வரப்போகும் இணைப்பை ஊகிக்கிறோம். இரண்டு எஸ்எம்எஸ் சேவைகளை ஒன்றாகப் பயன்படுத்தச் சொல்கிறதே?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: சொல்லத்தான் செய்யும். இரண்டுக்கும் அயலவர்கள் ஒரே ஆட்கள்தான்: வரைபடம், கட்டணம், பொதி கண்காணிப்பு. ஆனால் இரண்டும் ஒரே செயலியில் அநேகமாக வருவதே இல்லை. அயல் பொது, நேரடி இணைப்பு பூச்சியம் என்றால் அது பெரும்பாலும் துணையல்ல, மாற்று. அதைத் தூக்கி எறியாதீர்கள். 'இது நின்றுபோனால்' என்ற தலைப்பின்கீழ் காட்டுங்கள். என் கணிப்பில், பாவிப்பவருக்கு அதிகம் உதவப்போவது அந்தப் பட்டியல்தான். இன்னும் இணைப்பே இல்லாத புதுச் சேவைக்கு வலையமைப்பு கைகொடுக்காது. அதன் விவரணச் சொற்களை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: ஒரு சேவையின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீடாகக் கோத்து, மிகக் குறுகிய பாதையைத் தேடும் கருவி செய்தோம். கோத்தவை பாதிக்குமேல் ஓடுவதில்லை.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: முதலில் வகைகளைப் பாருங்கள். 'எண்' என்று மட்டும் எழுதியிருந்தால் கைத்தொலைபேசி எண்ணைக் கொண்டுபோய் அடையாள அட்டை எண் கேட்கும் சேவையில் கருவி கொடுத்துவிடும். அடையாள அட்டை எண் என்று எழுதினாலும் போதாது: பழையது 9 இலக்கமும் வி அல்லது எக்ஸ் எழுத்தும், 2016 முதல் வருவது 12 இலக்கம். தொலைபேசி எண்ணும் 077 என்றும் +9477 என்றும் இரண்டு உருவில் வரும். ஒவ்வொரு உருவையும் தனி வகையாக்கி, இடையில் மாற்றும் கணு ஒன்று வையுங்கள்.

அடுத்தது, மூன்று உள்ளீடு கேட்கும் சேவைக்கு ஒன்று வந்தால் போதும் என்று சாதாரணக் குறும்பாதைத் தேடல் எண்ணிக்கொள்ளும். கையிலுள்ள தரவிலிருந்து தொடங்கி, மூன்றும் கிடைத்தபின்பே அந்தச் சேவையைத் திறக்கும்படி முன்னோக்கித் தேடுங்கள்.

பாதை நீளத்தைப் படிகளால் அளப்பதும் சரிவராது. 99 வீதம் இயங்கும் சேவைகள் ஐந்தைத் தொடராகக் கோத்தால் மொத்தம் சுமார் 95 வீதம்தான். இயங்கும் வீதங்கள் பெருகுகின்றன, தேடலோ கூட்டுகிறது. ஆகவே பெருக்கலைக் கூட்டலாக்கும் மடக்கையை (லோகரிதம்) வீதத்துக்கு எடுத்து, எதிர்க்குறியோடு எடையாக இடுங்கள். தாமதத்தை வேறாகக் கணக்கிடுங்கள்: தொடராக ஓடுபவற்றுக்குக் கூட்டல், சமாந்தரமாக ஓடுபவற்றுக்கு மிக நீண்டது. ஐந்தில் இரண்டு ஒரே சேர்வரில் இருந்தால் ஒன்றாகவே விழும். அப்போது இந்தப் பெருக்கல் பொருந்தாது.