பல்லி எச்சமா, உடம்புச் சூடா? உதட்டுக் கொப்புளம்: வாசகர் கேள்விகளும் மருந்தாளுநர் பதில்களும்

காய்ச்சல் விட்ட மறுநாள் கீழுதட்டு ஓரத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள் வந்துவிட்டன. பல்லி எச்சம் பட்டிருக்கும் என்கிறார் மாமியார். - ஈரோடு வாசகி

பாவம் பல்லி, அதை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் வேலை. பெரும்பாலும் சிறுவயதிலேயே உடம்புக்குள் வந்து, முகத்து நரம்பின் முடிச்சில் பதுங்கிக் கிடக்கும். காய்ச்சல், கடும் வெயில், மாதவிடாய், மன உளைச்சல் என்று ஏதாவது ஒன்று கிளப்பிவிட்டால், பெரும்பாலும் பழைய இடத்திலேயே தலைகாட்டும். முதலில் குறுகுறுப்பும் எரிச்சலும். பிறகு கொத்தாக நீர்க்கொப்புளம். அது உடைந்து பொருக்குக் கட்டி, 7 முதல் 10 நாட்களில் பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறிவிடும்.

வாய்க்குள் வெண்மையான குழிபோல வரும் வாய்ப்புண் வேறு. வாயின் இரு ஓரங்களும் வெடிப்பதும் வேறு. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை இந்த வைரஸை ஒன்றும் செய்யாது.

மருந்துக்கடையில் என்ன கேட்டு வாங்க வேண்டும்? - மதுரை வாசகர்

மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன், உதட்டைக் காட்டுங்கள். எத்தனை நாளாக இருக்கிறது, கண் சிவந்திருக்கிறதா, கர்ப்பமா, புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறதா என்றெல்லாம் மருந்தாளுநர் கேட்டால் எரிச்சல்படாதீர்கள். இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால், அடுத்து போக வேண்டிய இடம் மருத்துவரிடம். பத்து நாள் தாண்டியும் ஆறாத புண்ணுக்கும் அதுவே வழி.

மற்றவர்களுக்கு 5 சதவீத அசைக்ளோவிர் கிரீம் போதும். விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாக, தினமும் ஐந்து தடவை, ஐந்து நாட்கள். தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் தடவுங்கள். தடவும் முன்பும் பின்பும் கை கழுவுங்கள். வைரஸ் பெருகுவதைத் தடுப்பதுதான் இந்த மருந்தின் வேலை. பெருகி முடிந்து பொருக்குக் கட்டிய பிறகு தடவினால் குழாய்தான் காலியாகும். குறுகுறுப்பு தொடங்கியதுமே தடவினாலும் அரை நாளோ ஒரு நாளோதான் மிச்சமாகும். அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். வலித்தால் பாராசிட்டமால் போடலாம். ஆண்டில் பலமுறை வருகிறது என்றால் மாத்திரை உண்டு. அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

படைக்கு வாங்கிய ஆயின்மென்ட் வீட்டில் பாதி மிச்சம் இருக்கிறது. அதையே தடவலாமா? - சேலம் வாசகர்

கூடாது. இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன். படைக்கு என்று கடைகளில் கைமாறும் பல குழாய்களில் குளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோ கலந்திருக்கிறது. இரண்டும் ஸ்டீராய்டுகள். இரண்டு நாளில் சிவப்பு அடங்கிவிடும், நாமும் குணமாகிறது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பு குறைந்து, வைரஸ் தாராளமாகப் பரவும். தொடர்ந்து தடவினால் உதட்டுத் தோல் மெலிந்தும் போகும். குழாயைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். புரியாவிட்டால் கடைக்கே எடுத்துச் சென்று கேளுங்கள். சொல்ல வேண்டியது எங்கள் கடமை. சுண்ணாம்பு, பற்பசை இரண்டும் வேண்டாம். புண்ணோடு தீக்காயமும் சேர்ந்துகொள்ளும்.

இணையத்தில் தேடினால் ஹெர்பீஸ் பாலியல் நோய் என்று வருகிறது. கணவர் சந்தேகப்படுகிறார். - பெயர் வெளியிட விரும்பாத வாசகி

இந்தப் பதிலை அவரிடமே காட்டுங்கள். உதட்டில் வருவது பெரும்பாலும் முதலாம் வகை வைரஸ். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் உடலில் அது இருக்கிறது. குழந்தையாக இருந்தபோது பாட்டியோ அத்தையோ கொடுத்த முத்தத்திலேயே வந்திருக்கலாம். யாருடைய நடத்தைக்கும் இது சாட்சி ஆகாது. ஆனால் புண் முழுவதும் ஆறும்வரை முத்தத்தையும் வாய்வழி உறவையும் தவிர்க்க வேண்டும். பிறப்புறுப்புக்கும் அது தொற்றும்.

எங்கள் ஊரில் இதை அக்கி என்று சொல்லிக் காவி எழுதுகிறார்கள். சரியா? - விழுப்புரம் வாசகர்

உதட்டில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் பத்து நாளில் ஆறிவிடும். பெயர் காவிக்குப் போகும். அசல் அக்கிதான் ஆபத்து. அது சின்னம்மை வைரஸ் மீண்டும் தலைதூக்குவது. உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டைபோல எழும்பும். வைரஸைத் தடுக்கும் மாத்திரையை, அக்கி எழும்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. காவிக்காகக் காத்திருந்து அந்த நேரத்தை இழந்துவிடாதீர்கள். நெற்றியிலோ கண்ணருகிலோ வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள். எனக்கு உதட்டில் கொப்புளம். பார்க்கப் போகலாமா? - திருச்சி வாசகி

பொருக்கு உதிர்ந்து தோல் ஆறட்டும், பிறகு போங்கள். பிறந்த குழந்தைக்கு இந்த வைரஸ் தொற்றினால் மூளை, கல்லீரல்வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். போயே ஆக வேண்டும் என்றால் முகக்கவசம் போட்டு, கையைச் சோப்பால் கழுவிக்கொண்டு, தள்ளியிருந்தே பாருங்கள். முத்தம் மட்டும் கூடவே கூடாது. உங்கள் அக்காவிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டார்.