போல்ட் எல்லாம் கழற்றியும் வீல் பேரிங் ஹப் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) நக்கிளை (அதைத் தாங்கும் பாகம்) விட்டு வரவில்லை, என்ன செய்வது?

போல்ட்டை முழுசாகக் கழற்றிவிட்டீர்களா? திரும்பப் போடுங்கள். பின்பக்கமிருந்து ஹப்புக்குள் இறங்கும் வகை என்றால், ஒவ்வொன்றும் சில சுற்று மட்டும் வெளியே நிற்கட்டும். துரு இளக்கும் எண்ணெயை இடுக்கெல்லாம் அடித்து ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். அப்புறம் போல்ட் தலையில் பழைய சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் வைத்து, ஒரே போல்ட்டை மொத்தாமல் மாற்றி மாற்றி அடியுங்கள், ஒரு பக்கமாகவே அடித்தால் ஹப் கோணிக்கொண்டு இன்னும் இறுகும்.

பிடித்திருப்பது பேரிங் அல்ல, ஹப்புக்கும் நக்கிளுக்கும் நடுவே பொருமிப்போன துருதான். அதனால் நேராக இழுப்பதைவிட, ஹப்பின் காதை (போல்ட் துளையுள்ள விளிம்பை) பக்கவாட்டில் தட்டித் திருகினால் சீக்கிரம் விடும், இடுக்கில் செந்தூள் உதிர ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. இழுவைச் சுத்தியலை (தண்டில் எடையை வேகமாக இழுத்து மோதவிட்டுப் பிடுங்கும் கருவி) முதலிலேயே எடுக்காதீர்கள். பேரிங் இரண்டாகப் பிரிந்து முன்பாதி கையோடு வரும், பின்பாதி உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், அதைவிட எரிச்சல் வேறில்லை.

சூடு காட்டுவதானால் நக்கிளுக்கு மட்டும், அதுவும் ஏபிஎஸ் சென்சாரையும் (சக்கர வேகத்தை அளப்பது) அடித்த எண்ணெயையும் அகற்றிய பிறகு.

போல்ட் இல்லாமல் பிரஸ் செய்து (அழுத்தி) ஏற்றிய பேரிங் என்றால் கதை வேறு: சர்க்ளிப் (பேரிங்கை நழுவாமல் பிடிக்கும் வளையம்) இருந்தால் முதலில் அதை எடுங்கள், அதை விட்டுவிட்டு அழுத்தினால் நக்கிளே போய்விடும்.

வண்டி ஜாக் ஸ்டாண்டில் (தாங்கு காலில்) நிற்கட்டும், வெறும் ஜாக்கை நம்பிச் சுத்தியல் வீச வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள், பேரிங் எஃகு சில்லு சில்லாகத் தெறிக்கும்.