ஐஸ் காசு ஏன் பூச்சியமானது?

கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: கணவரின் மீன் கணக்கை எக்செலில் எழுதுகிறேன். கிலோவுக்கான ஐஸ் காசு எச்1 கட்டத்தில் இருக்கிறது. முதல் வரி சரி. கீழே இழுத்தால் பூச்சியம், அதற்கும் கீழே பிழை. ஃபோர்முலா தானாக மாறுகிறது. வைரஸ், ஃபோர்மட் பண்ண வேண்டும் என்கிறார் கடைக்காரர். பண்ணவா?

வேண்டாம். இதற்காக லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டி டவுனுக்கு வரவும் வேண்டாம். எது பிழைத்தாலும் வைரஸ் என்று சொல்லிக் காசு பறிக்கும் பொடியன்மாரை நிறையப் பார்த்துவிட்டேன். ஃபோர்மட் பண்ணினால் உங்கள் கணக்குத்தான் அழியும்.

நான்காம் வரியில் =சி4*எச்1 என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வரி கீழே இழுத்ததும் எக்செல் இரண்டையும் ஒவ்வொரு படி இறக்கி =சி5*எச்2 ஆக்கிவிடும். எச்2 வெறுமை, ஆகவே பூச்சியம். எச்3இல் 'குறிப்பு' என்ற தலைப்பு. சொல்லைப் பெருக்க முடியாது, ஆகவே பிழை. 1979இல் வந்த விசிகால்க் என்ற பழைய கணக்கு மென்பொருள், கொப்பி பண்ணும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் 'மாற்றவா, விடவா' என்று கேட்கும். எக்செல் கேட்பதில்லை. மாதக்கணக்கில் வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுப்பவர்களும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. எழுத்துக்கு நிறம் பூசத்தான் படிப்பிக்கிறார்கள்.

நான்காம் வரிக் கட்டத்தை இரட்டைச் சொடுக்குங்கள். எச்1 மேல் கேசரை வைத்து, விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள எஃப்4ஐ ஒருமுறை தட்டுங்கள் (சில லெப்டொப்பில் எஃப்என் விசையையும் சேர்த்து). =சி4*$எச்$1 ஆகும். டொலர் குறி பூட்டு மாதிரி. என்டர் அடித்துத் திரும்பக் கீழே இழுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம்: கொப்பி வேறு, கட் வேறு. ஃபோர்முலாவைக் கட் பண்ணி வேறிடத்தில் ஒட்டினால் அது மாறாது, டொலர் இல்லாவிட்டாலும். எச்1ஐயே கட் பண்ணி கே1இல் ஒட்டினால் எல்லா ஃபோர்முலாவும் பின்னாலேயே கே1க்குப் போய்விடும், டொலர் இருந்தாலும். ஆனால் புது விலையை எங்கோ எழுதி, அதைக் கட் பண்ணி எச்1 மேல் ஒட்டினீர்களோ, அத்தனை வரியும் உடையும். விலை மாறினால் எச்1இலேயே தட்டெழுதுங்கள்.

போன மாதக் கணக்கையும் திறந்து, கன்ட்ரோலோடு எஸ்கேப்புக்குக் கீழுள்ள விசையை அழுத்துங்கள். ஃபோர்முலாக்கள் அப்படியே தெரியும். பூச்சியமும் பிழையும் எப்படியும் கண்ணில் படும், ஆனால் இது படாது: எச்9இல் குறிப்பாகப் படகு இலக்கம் 27 என்று போட்டிருந்தால், பன்னிரண்டாம் வரியில் அந்த 27தான் ஐஸ் காசாகப் பெருகியிருக்கும், ஒரு சத்தமும் இல்லாமல்.