நான்கு ஏக்கரில் மனைப்பிரிவு போடுகிறோம். நிலத்தில் முப்பது பழைய மரங்கள் இருக்கின்றன. எவற்றை வைத்துக்கொள்ளலாம், எப்படிக் காப்பாற்றுவது, புதிதாக எவற்றை நடலாம்?

செங்கல்பட்டுப் பக்கம் மனைப்பிரிவு வேலைகளில் பதினெட்டு ஆண்டுகள் சைட் என்ஜினீயராக இருந்தவன் நான். வேம்பு, பனை, ஒரு புளி, ஓர் ஆல், வரப்போரம் பூவரசு என்று நீங்கள் கொடுத்திருக்கும் பட்டியலைப் பார்த்ததும், நாங்கள் கொன்ற ஒரு புளியமரம்தான் நினைவுக்கு வந்தது.

அதன் மீது கோடரி படவே இல்லை. அந்த மரத்தைக் காட்டித்தான் மனைகளை விற்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அடிமரத்தைச் சுற்றிச் செங்கல் மேடை கட்டினோம், காவியும் சுண்ணாம்பும் அடித்தோம். பிறகு சாலை மட்டத்துக்குக் கொண்டுவர மேடையைச் சுற்றிலும் இரண்டரை அடி கிராவல் கொட்டி ரோலர் ஓட்டினோம். முதல் ஆண்டு மரம் வழக்கத்தைவிட அதிகமாகவே காய்த்தது. எங்களுக்கு ஒரே பெருமை. அடுத்த ஆண்டு உச்சிக் கிளைகள் காய்ந்தன. மூன்றாம் ஆண்டு விறகுக்குப் போனது. பேய் குடிபெயர்ந்துவிட்டது என்றார் காவலாளி. உண்மையில் வேருக்கு மூச்சு முட்டிவிட்டது. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள்தான் இருக்கிறது. கிளைவிரிப்பைத் தாண்டியும் பரவியிருக்கிறது. நாங்கள் அதைப் புதைத்து, மேலே இடித்து இறுக்கியும் விட்டோம்.

எனவே ஜேசிபி வருவதற்கு முன் ஒரு சணல் கயிற்றோடு நிலத்துக்குப் போங்கள். நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றிக் கயிற்றை அளந்துகொள்ளுங்கள். அதன் நான்கு மடங்கு நீளத்தை ஆரமாக வைத்து வட்டம் போடுங்கள். பி.எஸ். 5837 என்ற பிரிட்டன் தரவிதி, அடிமர விட்டத்தின் 12 மடங்கு ஆரத்தைக் காக்கச் சொல்கிறது. கயிற்றுக் கணக்கும் ஏறக்குறைய அதே அளவைத்தான் தரும். அந்த வட்டத்துக்குள் மண் கொட்டவோ தோண்டவோ கூடாது. செங்கல் அடுக்குவது, கலவை போடுவது, லாரி நிறுத்துவது எதுவும் வேண்டாம். சிமென்ட் கழுவிய தண்ணீர் உள்ளே வழிவதும் கெடுதல்தான். சிவப்பு ரிப்பன் கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், ஜேசிபி ஓட்டுநர் அதைத் திருவிழாத் தோரணம் போலத்தான் பார்ப்பார். சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் அடியுங்கள். வடிகால் குழாய் வட்டத்தைக் கடந்தே தீர வேண்டுமானால் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆள் வைத்துத் தோண்டி, பருத்த வேர்களை வெட்டாமல் அவற்றுக்கு அடியில் குழாயை நுழைக்கலாம்.

இதற்கு ஆகும் விலையையும் சொல்லிவிடுகிறேன். ஆறடிச் சுற்றளவுள்ள மரத்துக்கு 24 அடி ஆரம் வேண்டும். பரப்பு சுமார் 1,800 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனை ஒன்றரை. முப்பது மரத்துக்கும் இப்படி இடம் விட்டால் ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர் போய்விடும். ஆனால் நீங்கள் எப்படியும் விட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவில் சாலைகள் போக மிஞ்சும் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். உங்கள் நான்கு ஏக்கர் 16,000 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. சாலைகளுக்குச் சுமார் 30 சதவீதம் போனால், இதற்கு ஏறக்குறைய 28 சென்ட் போகும். எல்லோரும் விற்காத கோணல் மூலையைத்தான் அதற்குத் தள்ளிவிடுவார்கள். நீங்கள் சர்வேயரிடம் முதலில் மரங்களைக் குறிக்கச் சொல்லி, அவை கூட்டமாக நிற்கும் இடத்தில் பூங்காவை வைத்த பிறகு சாலைக் கோடு போடுங்கள். வரைபடத்துக்கு அனுமதி வாங்கிய பின் மரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. எனக்குத் தெரிந்து எவரும் அப்போது சாலையை நகர்த்தியதில்லை.

ஆல் பூங்காவுக்குள் வந்தால் மட்டும் இருக்கட்டும். வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் ஆலும் அரசும் வேண்டாம். மனைக்குள் மாட்டும் வேம்பைப் பக்கவாட்டு இடைவெளியில் வருமாறு எல்லையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். வாசலுக்கு நேரே நின்றால் 'வாசல் குத்து' என்று சொல்லி வாங்கியவரே வெட்டிவிடுவார். வாஸ்துவோடு வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. பனையைத் தொடுவதற்கு முன் மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை, 2021-இல் அரசு அறிவித்தது. அடியில் காளான் பூத்த மரம், தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போல ஒலிக்கும் மரம் ஆகியவற்றை நன்கு தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள். சீமைக் கருவேலம் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடலாம்.

புதிதாக நடுவதற்கு, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் விழுந்தவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மயிற்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி என்று சாலைக்குச் சாலை கிடந்தன. பூ அழகுதான், சாலையோரத்துக்கு ஆகாது. புங்கை, மகிழம், புன்னை, நாவல் என் தேர்வு. நாவலைப் பூங்காவில் மட்டும் நடுங்கள். காருக்கு மேல் பழம் விழுந்தால் சண்டை வரும். பூவரசைப் போத்தாக (வெட்டிய கிளையாக) நடாமல் விதைக்கன்றாக வாங்குங்கள், போத்துக்கு ஆணிவேர் கிடையாது. ஏழிலைப்பாலை பூக்கும் இரவுகளில் ஜன்னல் திறக்க முடியாது என்று எங்கள் பழைய மனைப்பிரிவில் இன்றும் புகார். வேகமாய் வளரும் பச்சை வேலி என்று கோனோகார்பஸைக் காட்டுவார்கள். அதற்கு 2023-இல் குஜராத்தும் 2025-இல் தமிழ்நாடும் தடை விதித்திருக்கின்றன.

பத்தடிக் கன்றுக்கு ஆசைப்படாதீர்கள். பையிலேயே வளர்ந்து வேர் சுருண்டிருக்கும். நாலடிக் கன்று சில ஆண்டுகளில் அதை முந்திவிடும். மூன்றடிக் குழி, பையைக் கிழித்து எடுத்த பின் நடவு, கால்நடையிலிருந்து காக்கக் கூண்டு. இவற்றைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். மனைகள் விற்று வீடுகள் எழும்பும்வரை அங்கே ஆளே இருக்காது. முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு முறை டேங்கர் தண்ணீர், ஊற்ற ஓர் ஆள், இதற்கான பணத்தைக் கன்று வாங்கும்போதே எடுத்துத் தனியாக வையுங்கள்.