விலகிய தேதியை நல் ஆக விடலாமா?

தரவுத்தளத்தின் பணியாளர் அட்டவணையில் 'விலகிய தேதி' நெடுவரிசையை நல் (NULL, மதிப்பே இல்லை என்று காட்டும் குறி) ஆக விடுவதா, 9999-12-31 என்று நிரப்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நல் ஆகவே விடுங்கள். இன்னும் விலகாதவருக்கு அப்படி ஒரு தேதியே இல்லை. பொய்த் தேதி கொடுத்தால், சராசரிப் பணிக்காலம் கணக்கிடும் நாளில் ஒருவர் ஏறக்குறைய 8,000 ஆண்டுகள் உழைத்ததாக அறிக்கை வந்து நிற்கும்.

ஆனால் 'நல்' பெயரில் மட்டும்தான் நல்லது. அது பூஜ்யம் அல்ல, எழுத்தே இல்லாத வெற்றுச் சரமும் அல்ல (ஆரக்கிள் தரவுத்தளத்தில் வெற்றுச் சரமும் நல் ஆகிவிடுவது தனித் தலைவலி). ஒரு நல்லை இன்னொரு நல்லுடன் ஒப்பிட்டால் கிடைக்கும் விடை 'உண்மை'யும் இல்லை, 'பொய்'யும் இல்லை, 'தெரியாது'. தரவைத் தேடும் எஸ்க்யூஎல் (SQL) வினவலோ நிபந்தனை உண்மையான வரிசைகளை மட்டுமே தரும். ஆகவே சமக்குறி போட்டுத் தேடாதீர்கள். 'ஈஸ் நல்' (IS NULL) என்றே எழுத வேண்டும்.

பலரும் விழும் குழி 'நாட் இன்' (NOT IN, 'இந்தப் பட்டியலில் இல்லாதவை' என்ற நிபந்தனை). யாருக்கும் மேலாளராக இல்லாதவர்களைத் தேட, மேலாளர் எண் நெடுவரிசையை உள்வினவலாக, அதாவது வினவலுக்குள் இன்னொரு வினவலாக, கொடுக்கிறீர்கள். தலைவருக்கு மேலாளர் கிடையாது, அங்கே நல் இருக்கும். அந்த ஒரு நல் போதும், ஒப்பீடு 'தெரியாது' ஆகி ஒரு வரிசைகூட வராது. பிழைச் செய்தியும் வராது. ஒரு மாலை முழுவதையும் இதில் தொலைத்தவன் சொல்கிறேன்: 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' (NOT EXISTS, 'பொருந்தும் வரிசை இல்லை') என்று மாற்றி எழுதுங்கள்.

வடிவமைக்கும்போது எல்லா நெடுவரிசைக்கும் முதலில் 'நாட் நல்' (NOT NULL, நல் கூடாது என்ற கட்டுப்பாடு) போட்டுவிடுவேன். காரணம் சொல்ல முடிந்தால்தான் தளர்த்துவேன். விலகிய தேதி, காரணம், நிலுவைத் தொகை எல்லாம் சேர்ந்தே நல் ஆகின்றன என்றால் அவற்றைத் தனி அட்டவணைக்கு நகர்த்துங்கள். 'தெரியவில்லை', 'பொருந்தாது' இரண்டையும் பிரித்துக் காட்ட நல்லால் முடியாது. அதற்கு நிலையைக் குறிக்கும் நெடுவரிசை ஒன்று தேவை.